கைக்குத் தெரியாத சூடு

அந்த மோட்டார் தொழிற்சாலையில் தொட்டுச்சொல்லியைத் தெரியாதவர் கிடையாது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. சோதனை அறையில் தலைமை டெஸ்டர் வேலை. ஓடுகிற மோட்டாரின் உடம்பில் உள்ளங்கையை வைப்பான், கண்ணை மூடுவான், வாய்க்குள் மூன்று எண்ணுவான், "ஐம்பத்தேழு" என்பான். சந்தேகப் பிராணிகள் கருவியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் ஐம்பத்தாறோ ஐம்பத்தெட்டோ காட்டும். புதிதாக வேலைக்குச் சேருகிற எல்லோரும் ஒருமுறையாவது அவனிடம் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்கள். பதினாறு வருஷமாக அவன் தன் காசில் டீ குடித்ததில்லை என்று கேன்டீனில் ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் மிகைதான். ஆனால் கொஞ்சம்தான்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவி, இரண்டாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு தொடாமலே சூடு சொல்கிறவள்.

அவளைத் தொழிற்சாலையில் மாடலம்மா என்பார்கள். ஒரு மோட்டாரைச் செய்வதற்கு முன்னாலேயே அதைக் கணினிக்குள் கட்டி ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. உள்ளே இருக்கிற தாமிரக் கம்பிச்சுற்று, அதாவது வைண்டிங், எவ்வளவு சூடாகும், அந்தச் சூடு எந்த வழியாக வெளியே போகும், எங்கே முட்டிக்கொண்டு நிற்கும் என்று கணக்குப் போடுவாள். இதெல்லாம் ஒரு வேலையா என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டு மோட்டார் புகைந்து, மாடிக்குத் தண்ணீர் ஏறாமல், சோப்பு நுரையோடு குளியலறையில் நிற்கும்போது அவர்களிடம் பேசிக்கொள்ளலாம். வைண்டிங்கில் பத்து டிகிரி சூடு கூடினால் மோட்டாரின் ஆயுள் பாதியாகக் குறைந்துவிடும். அந்தச் சூடோ காகிதமும் வார்னிஷும் சுற்றிய கம்பிக்குள் ஒளிந்திருக்கும். யாருடைய கையும் அங்கே போகாது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சோதனை அறைக்கு இறங்கி வந்தாள். தொட்டுச்சொல்லி வழக்கம்போல் ஒரு மோட்டாரைத் தொட்டு "ஐம்பத்திரண்டு" என்றான். அவள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். வெளிக்கூடு: ஐம்பத்து மூன்று. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டார்கள். அவனுக்கு அப்போது முப்பத்தேழு, அவளுக்கு முப்பத்து மூன்று. கல்யாணம் என்பது இனி நடக்காது என்று இருவர் வீட்டிலும் கைகழுவியிருந்த நேரம். ஒரு டிகிரி வித்தியாசத்தில் தொடங்கியது ஒன்றரை வருஷத்தில் கல்யாணத்தில் வந்து முடிந்தது. ஏழு மாதம் ஆகிறது. இன்னமும் தொழிற்சாலைக்குள் "சார்", "மேடம்" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பார்க்கிறவர்களுக்குத்தான் சிரிப்பை அடக்க முடியாது.

இப்போது அந்த இருவருக்கும் நடுவே பன்னிரண்டு டிகிரி வந்து குந்திக்கொண்டது.

ஊருக்குக் குடிநீர் ஏற்றும் பம்புகளுக்காக நாற்பது மோட்டார்கள் கேட்டு ஒரு பெரிய ஆர்டர் வந்திருந்தது. வைண்டிங் சூடு நூற்றிருபத்தைந்தைத் தாண்டக் கூடாது என்பது வாங்குகிறவர்களின் நிபந்தனை. மாடலம்மாவின் கணக்கு நூற்று முப்பத்தொன்று என்றது. முதல் மோட்டாரைச் செய்து சோதனை அறையில் ஆறு மணி நேரம் ஓட்டினார்கள். தொட்டுச்சொல்லியின் அளவு நூற்றுப் பத்தொன்பது என்றது. மேலாளர் அன்றே இனிப்பு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். மாடலம்மா தன் பங்கை மேசைமேல் வைத்துவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே கை போகாதென்றால் சோதனை அறையில் எப்படி அளக்கிறார்கள் என்று கேட்கலாம். தாமிரத்துக்கு ஒரு குணம் உண்டு. சூடாகச் சூடாக மின்சாரத்தை முரண்டு பிடித்துத் தடுக்கும். குளிர்ந்திருக்கும்போது எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து வைத்துக்கொண்டு, ஓட்டி நிறுத்திய உடனே மறுபடி அளந்தால், இரண்டையும் வகுத்து உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்லிவிடலாம். முதலாவதற்குக் குளிர் அளவு என்று பெயர். ஒரு மோட்டாருக்கு ஒரே முறைதான் எடுப்பார்கள். சோதனைத் தாளின் தலையில் அதைச் சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் அறையின் வெப்பநிலையையும் எழுதிவிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் எத்தனை முறை ஓட்டினாலும் அந்தச் சிவப்பு எண்தான்.

மேலாளர் எதையும் விரல் மடக்கி எண்ணியே பேசுகிறவர். இனிப்பு கொடுத்து மூன்று வாரம் கழித்து, மூன்று விரல் மடக்கினார்.

"ஒண்ணு, மாடலுக்கும் டெஸ்ட்டுக்கும் அஞ்சு டிகிரிக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாதுன்னு தலைமை அலுவலகத்துல சொல்லிட்டாங்க. ரெண்டு, இங்க பன்னண்டு இருக்கு. மூணு, இந்த மாசக் கடைசித் திங்கட்கிழமை மீட்டிங். அதுக்குள்ள சரியாகலேன்னா மாடல் மேசையை மூடிடுவாங்க. மேடத்தைத் தலைமை அலுவலகத்துக்கு மாத்திடுவாங்க. அங்க விலைப்பட்டியல் தயாரிக்க ஆள் வேணுமாம்."

தலைமை அலுவலகம் ரயிலில் பதினோரு மணி நேரத் தொலைவில் இருந்தது.

தொட்டுச்சொல்லி மனசுக்குள் கணக்குப் போட்டான். முப்பத்தொன்பது வயதில் ஒருவழியாகக் குடும்பஸ்தன் ஆகி, இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் ஒரு நல்ல வாடகை வீட்டுக்குக் குடி வந்திருக்கிறார்கள். பாதிச் சாமான் இன்னும் அட்டைப் பெட்டியில் கிடக்கிறது. அதற்குள் பெட்டி படுக்கையோடு பெண்டாட்டியை ரயிலேற்றி அனுப்ப வேண்டும். அனுப்பப்போவது வேறு யாரும் இல்லை, அவன் கையெழுத்துப் போட்ட அவனுடைய எண்.

ஒரு நாள் அவள் சோதனை அறைக்கு வந்து தாளைப் புரட்டினாள்.

"சார், இந்தக் குளிர் அளவு சரியாத்தான் இருக்குமா?"

பதினாறு வருஷத்தில் அவனை யாரும் கேட்காத கேள்வி அது. சுள்ளென்று கோபம் வந்தது.

"அளவு எடுக்கறதுக்கு முன்னாடி நானே கை வெச்சுப் பாத்தேன் மேடம். ஜில்லுன்னு இருந்துச்சு. என் கையைச் சந்தேகப்பட்டா அப்புறம் பேச என்ன இருக்கு?"

"சரி சார்" என்றாள் அவள். அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. அவன் கையின் மேல் அவளுக்கும் அவ்வளவு நம்பிக்கை. அதனால் தன் மாடலைத்தான் கொத்திக் கிளற ஆரம்பித்தாள். வார்னிஷ் எவ்வளவு நிரம்பியிருக்கும், விசிறிக் காற்று எத்தனை பங்கு வீணாகும், எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டாள். மறுபடியும் நூற்று முப்பத்தொன்று.

அவன் பங்குக்கு அவனும் சும்மா இருக்கவில்லை. புதன்கிழமை மோட்டாரை மறுபடி ஓட்டினான். நூற்றுப் பதினெட்டு. வெள்ளிக்கிழமை ஓட்டினான். நூற்றுப் பத்தொன்பது. மூன்று முறையும் ஒரே இடத்தில் வந்து நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? எண் அவன் பக்கம்தான் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, தான் சொன்னது சரியாக இருப்பதற்காக அவன் வருத்தப்பட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் அக்கா போன் செய்தாள். இந்தக் கல்யாணத்தை முன்னின்று முடித்துவைத்தவள் அவள். விஷயம் எப்படியோ காதுக்குப் போயிருந்தது.

"ஏன்டா, நூத்தி முப்பதுன்னு எழுதித் தொலைச்சா என்ன குறைஞ்சுபோயிடும்?"

"அக்கா, அது அளந்த எண்ணு. நான் எழுதற கதையா?"

"பன்னண்டு நம்பரு! கடைக்காரன்கிட்ட பேரம் பேசினா இதைவிட அதிகமா குறைப்பான். அதுக்காக அவளை அங்க அனுப்பிட்டு இங்க நீ மோட்டாரைத் தடவிக்கிட்டு உக்காரப் போறியா?"

"நான் மாத்தி எழுதினா முதல்ல என்னை வீட்டை விட்டு அனுப்பறது அவளாத்தான் இருக்கும்."

"ரெண்டும் ஒரே அச்சுல வார்த்தது" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.

சனிக்கிழமை விடுமுறை. காலையிலிருந்தே அவனுக்கு உடம்பு முறுக்கிப் பிழிந்தது. சொன்னால் மருந்து, மாத்திரை, படுக்கை என்று நாள் போய்விடும். திங்கட்கிழமைக்குப் பிறகு அவளோடு எத்தனை சனிக்கிழமை மிச்சமோ தெரியாது. அதனால் வாயைத் திறக்காமல் ஒரு பெட்டியைப் பிரித்துச் சாமான்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து, இன்னொரு பெட்டியையே மேசையாக்கி மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் சாய்ந்த நேரத்தில் தட்டும் சத்தம் நின்றது.

"என்ன ஆச்சு?" என்றான்.

"ரெண்டு எண்ணை மாத்தினேங்க. வார்னிஷ் ஒட்டற கணக்கைக் கொஞ்சம் தூக்கினேன், காத்தைக் கொஞ்சம் கூட்டினேன். நூத்தி இருபத்திரண்டு வந்துடுச்சு. உங்க எண்ணோட மூணு டிகிரிதான் வித்தியாசம். திங்கட்கிழமை தப்பிச்சிடலாம்."

அவன் கையிலிருந்த தம்ளரை வைத்துவிட்டுப் பார்த்தான்.

"எதுக்காக மாத்தினேன்னு கேட்டா பதில் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்ல. உங்களை விட்டுட்டுப் போகக் கூடாதுங்கறது ஒரு காரணமா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "அழிச்சிட்டேன். பழையபடி நூத்தி முப்பத்தொண்ணுதான்."

பெண்டாட்டியை நினைத்து இவ்வளவு பெருமையும் இவ்வளவு துக்கமும் ஒரே நிமிஷத்தில் வரும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கிட்டே போய் உட்கார்ந்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் தோளில் சாய்ந்தாள். சாய்ந்த வேகத்தில் நிமிர்ந்தாள்.

"என்னங்க, அனலா கொதிக்குது உடம்பு!"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"காய்ச்சல் அடிக்குது. நெத்தி எப்படிச் சுடுது பாருங்க."

தொட்டுச்சொல்லி தன் புகழ்பெற்ற உள்ளங்கையைத் தன் நெற்றியில் வைத்தான். கண்ணை மூடினான். மூன்று எண்ணினான்.

"சுத்தமா சூடே இல்ல. பதினாறு வருஷ அனுபவம் சொல்லுது."

அவள் எழுந்து வெப்பமானியைத் தேடினாள். மருந்துகள் என்று எழுதிய பெட்டியில் செருப்புகள் இருந்தன. செருப்புகள் என்று எழுதிய பெட்டியில் பருப்பு டப்பாக்கள் இருந்தன. இந்தப் பெட்டிகளின் மேல் எழுதியது யார் என்று கேட்காமல் இருப்பது நல்லது, ஏனென்றால் எழுதியதும் தொட்டுச்சொல்லிதான். கடைசியில் பாத்திரங்களுக்கு நடுவில் வெப்பமானி கிடைத்தது. அவன் கக்கத்தில் செருகினாள். பீப் என்றது. முப்பத்தெட்டரை.

"இப்ப என்ன சொல்றீங்க?"

"கருவி பழுது" என்றான் அவன், மூக்கு உடைந்ததைக் காட்டிக்கொள்ளாமல்.

"கருவி நல்லாத்தான் இருக்கு. காய்ச்சல்காரர் தன் நெத்தியைத் தானே தொட்டுப் பாத்தா எப்படித் தெரியும்? நெத்தியும் சுடுது, கையும் சுடுது. கையோட சூட்டுலேயே இருக்கறதைக் கை எப்படிக் கண்டுபிடிக்கும்?"

சொல்லிக்கொண்டே மாத்திரைக்குத் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போய்விட்டாள். தொட்டுச்சொல்லி அப்படியே உட்கார்ந்திருந்தான். கை நெற்றியிலேயே இருந்தது.

அவள் தம்ளரோடு திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க, மயக்கமா வருதா?"

"சும்மா இருக்கற கையில எவ்வளவு சூடு இருக்கும்? காய்ச்சல் இல்லாதப்ப?"

"முப்பத்தி ரெண்டு, முப்பத்தி மூணு இருக்கும். ஏன்?"

"அப்ப மோட்டார் முப்பத்தி ரெண்டுல இருந்தா, தொட்டுப் பாத்தா எனக்குத் தெரியாது."

அவள் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஜில்லுன்னு இருந்துச்சுன்னு சொன்னீங்களே?"

"சூடா இல்ல. அதைத்தான் ஜில்லுன்னு சொல்லிட்டேன் போல" என்றான் அவன். பதினாறு வருஷத்தில் இப்படி ஒரு வாக்கியம் அவன் வாயிலிருந்து வந்ததில்லை. "அளவு எடுக்கறதுக்கு முன்னாடி மோட்டார் ஒரு முழு நாள் அறையில கிடக்கணும். அது சட்டம். அது எப்ப வந்துச்சுன்னு நான் பதிவேட்டைப் பாக்கவே இல்ல. காலைல ஏழு மணிக்கு உள்ள வந்தேன், மோட்டார் இருந்துச்சு, கை வெச்சேன், எடுத்துட்டேன்."

மோட்டாருக்குச் சாயம் பூசுகிற பிரிவின் மேஸ்திரிக்கு அப்போதே போன் போட்டான். மேஸ்திரி நல்ல மனுஷன், ஆனால் எதைக் கேட்டாலும் தன் மேல் குற்றம் சொல்வதாகவே எடுத்துக்கொள்வார்.

"அந்த பம்பு மோட்டாரா? தம்பி, அதுல என் தப்பு ஒண்ணும் இல்ல! காகிதத்துல சாம்பல் கலர்னு எழுதியிருந்தது உண்மை. ஆனா எழுத்து அழிஞ்சுபோயிருந்துச்சு. நான் நீலம்னு நெனச்சு அடிச்சேன். அப்புறம் மறுபடி சாம்பல் அடிக்க வேண்டியதாப்போச்சு."

"கலரை விடுங்கண்ணே. சூட்டடுப்புலேருந்து எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

"ரெண்டாவது பூச்சு காயணும்ல? எம்பது டிகிரில போட்டு ராத்திரி பத்து மணிக்கு வெளிய எடுத்தோம். காலைல ஆறரைக்கு உங்க அறையில கொண்டு வந்து விட்டாச்சு. பதிவேட்டுல எழுதியிருக்கேன். நேரம் தவறினேன்னு யாராவது சொன்னாங்களா?"

"ஒருத்தரும் சொல்லலண்ணே. தப்பு என் மேலதான்."

மேஸ்திரிக்கு அவர் வாழ்க்கையிலும் இப்படி ஒரு பதில் கிடைத்ததில்லை.

மாடலம்மா அதற்குள் மடிக்கணினியைத் திறந்திருந்தாள். சூடேறுவதைக் கணக்குப் போட்ட அதே மாடலைத் திருப்பிப் போட்டு ஆறுவதைக் கணக்குப் போட்டாள். இவ்வளவு இரும்பு, இவ்வளவு தாமிரம், எண்பது டிகிரியில் தொடக்கம், காற்றில்லாத இடம், ஒன்பது மணி நேரம். விரல்கள் பறந்தன. கடைசி விசையைத் தட்டிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வெளிக்கூடு முப்பத்தி ரெண்டு" என்று வாசித்தாள். "வைண்டிங் முப்பத்தி மூணு."

சோதனைத் தாளில் அவன் எழுதியது இருபத்து நான்கு. அது அறையின் சுவரில் இருந்த வெப்பமானி காட்டியது. அடியில் ஒன்பது டிகிரி பிசகு. அவன் தாளின் எண்களை மனப்பாடமாகச் சொல்ல, அவள் இருபத்து நான்கை எடுத்துவிட்டு முப்பத்து மூன்றைப் போட்டு வகுத்தாள். அடியில் ஒன்பது பிசகினால் உச்சியில் பன்னிரண்டாக ஊதிக்கொள்ளும். விடை நூற்று முப்பத்தொன்று.

அவன் எழுந்து சட்டையைத் தேடினான்.

"எங்க கிளம்பறீங்க?"

"மோட்டார் நேத்து சாயங்காலம் வரைக்கும் ஓடியிருக்கு. இப்ப அளந்தா அதே தப்பு. நாளைக்குக் காலைலதான் அளக்கணும். அதுக்குச் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கலாம்னு."

"மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் படுங்க முதல்ல" என்று அவள் அதட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் சோதனை அறைக்குப் போனார்கள். அவன் கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தான். காய்ச்சல் இறங்கியிருந்தாலும் கால் கொஞ்சம் தள்ளாடியது. பழக்க தோஷத்தில் கை மோட்டாரை நோக்கிப் போனது. பாதியில் நிறுத்தி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவள் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டாள். மோட்டாரின் மேலும் உள்ளும் நான்கு இடத்தில் வெப்பமானி வைத்தார்கள். நான்கும் இருபத்து நான்கு. அறையும் இருபத்து நான்கு. அதற்கப்புறம்தான் மின்தடையை அளந்தான். பழைய சிவப்பு எண்ணை விட நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் குறைவாக இருந்தது. இந்த எண்ணை வைத்து வெள்ளிக்கிழமை ஓட்டத்தை மறுபடி கணக்கிட்டார்கள். நூற்று முப்பத்தொன்று.

"உன் மாடல் ஜெயிச்சிடுச்சு" என்றான். மனசார சந்தோஷப்பட்டுச் சொன்னான். ஆனால் அடுத்த நொடியே மிச்சமும் உறைத்தது. மோட்டார் நிபந்தனையைத் தாண்டுகிறது. தேறிவிட்டதென்று இனிப்பு கொடுத்தாயிற்று. நாற்பது மோட்டார்களின் வேலை தொடங்கியாயிற்று. நாளைக்கு எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, நான் பிசகிவிட்டேன் என்று சொல்ல வேண்டியது யார்?

"நான் சொல்லட்டுமா?" என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு. "கணக்கை மறுபடி சரிபார்த்தோம், குளிர் அளவுல ஒரு சின்னத் திருத்தம்னு பொதுவா சொல்லிடறேன். யார் எடுத்ததுன்னு சொல்ல வேண்டியதில்ல."

"கையெழுத்து என்னோடதும்மா. நானே சொல்றேன்."

திங்கட்கிழமை மீட்டிங் அறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மேலாளர் முதல் விரலை மடக்குவதற்குள் தொட்டுச்சொல்லி எழுந்துவிட்டான். பூசி மெழுகாமல் சொன்னான். மோட்டார் ஆறியிருக்கவில்லை, பதிவேட்டைப் பார்க்கவில்லை, கையை நம்பினேன், அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டே மூன்று முறை தப்பாகக் கணக்குப் போட்டேன், மேடம் கேட்டபோது கோபப்பட்டேன். மாடல்தான் சரி. ஞாயிற்றுக்கிழமை தாளை மேசைமேல் வைத்தான். அவனிடம் பந்தயத்தில் தோற்றவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்கு அதிகம் சுட்டது.

மேலாளர் தாளை இரண்டு முறை படித்தார்.

"பதினாறு வருஷமா நீங்க ஒரு தடவை கூட நேரத்துக்கு முன்னாடி அளவு எடுத்ததில்லையே. அன்னிக்கு மட்டும் ஏழு மணிக்கே எடுக்க என்ன அவசியம்?"

தொட்டுச்சொல்லி ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தான். "அவசரப்பட்டுட்டேன் சார்" என்றான்.

மேலாளர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "நாப்பது மோட்டார். நல்லவேளை, ஒண்ணு கூட வெளிய போகல. போயிருந்தா அஞ்சு வருஷத்துல ஒவ்வொண்ணா எரிஞ்சு, ஊரே குடத்தைத் தூக்கிக்கிட்டு நம்ம வாசல்ல நின்னிருக்கும். இப்ப இதை எப்படி நூத்தி இருபத்தஞ்சுக்குக் கீழ கொண்டுவர்றது? யாராவது சொல்லுங்களேன்!"

"விசிறி மூடிக்கும் கூட்டுக்கும் நடுவுல இடைவெளி அதிகமா இருக்கு சார்" என்றாள் மாடலம்மா. "காத்து பாதி வழியிலேயே வெளிய ஓடிப்போகுது. மூடியை ரெண்டு விரல் அகலம் நீட்டினா போதும், ஒன்பது டிகிரி குறையும். ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே எழுதி அனுப்பியிருந்தேன்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான் சார்."

இப்போது சிரிப்பு வந்தது. மேலாளர் காதைச் சொறிந்தார், விரல்களை எண்ணப் பார்த்தார், விட்டுவிட்டார். மூடிகளை மாற்ற இரண்டு வாரம் என்று முடிவாயிற்று. தலைமை அலுவலகத்தை விலைப்பட்டியல் போட வேறு ஆளைத் தேடச் சொல்லிவிடலாம் என்றும் முடிவாயிற்று. தொட்டுச்சொல்லிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. நியாயம்தான் என்று அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சாயங்காலம் கேன்டீனில் பன்னிரண்டு பேருக்கும் அவன் காசில் டீ. பதினாறு வருஷக் கணக்கு ஒரே நாளில் தீர்ந்தது.

வேலை முடிந்து இருவரும் நடந்தே வீடு திரும்பினார்கள். வழியெல்லாம் அவள் விரல்விட்டு என்னவோ எண்ணிக்கொண்டு வந்தாள், மேலாளரின் வியாதி தொற்றிக்கொண்டது மாதிரி. வீட்டு வாசலில் அவன் சாவிக்காகப் பையைத் துழாவும்போது கேட்டாள்.

"நீங்க அந்தக் குளிர் அளவு எடுத்தது நாலு வாரத்துக்கு முன்னாடி ஒரு வியாழக்கிழமைதானே?"

"ஆமா."

"அன்னிக்கு நாலு மணிக்குத்தான் இந்த வீட்டுக்காரர் வரச் சொன்னார். அதுக்கு மேல போனா வேற யாருக்காவது கொடுத்திடுவேன்னார். உங்களுக்கு வேலை முடியாது, நான் தனியாப் போய்ப் பாக்கறேன்னு கூட சொன்னேன். நீங்க ஆறு மணி நேர ஓட்டத்தையும் முடிச்சிட்டு மூணரைக்கே ஃபாக்டரி கேட்டுல வந்து நின்னீங்க."

அவன் சாவியைத் தேடுவதிலேயே மும்முரமாக இருந்தான்.

"மீட்டிங்ல ஏன் சொல்லல?"

"அதைச் சொல்லி என்ன ஆகப்போகுது? வீட்டைப் பாத்தது ரெண்டு பேரும். அவசரப்பட்டது நான் மட்டும்தானே."

அவள் அவனுடைய வலது கையைப் பிடித்தாள். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று கூடப் பார்க்கவில்லை. உள்ளங்கையோடு உள்ளங்கையை வைத்து இறுக்கிக்கொண்டாள்.

"சொல்லுங்க பாப்போம், எத்தனை டிகிரி?"

தொட்டுச்சொல்லி கண்ணை மூடினான். மூன்று எண்ணினான். இன்னும் ஒரு மூன்று எண்ணினான்.

"ஒண்ணுமே தெரியல."

"எனக்கும் தெரியல" என்றாள் அவள்.

சாவி கிடைத்துவிட்டது. வலது கை சிக்கிக்கொண்டதால் பூட்டை இடது கையால்தான் திறக்க வேண்டியிருந்தது. அதற்கு ரொம்ப நேரம் பிடித்தது. இரண்டு பேருக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.